அளவீடு இல்லாத ஓடைக்கு வெள்ளக் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏரிக் கலிங்கு (ஏரி நிரம்பியதும் உபரிநீர் வழிந்தோடும் இடம்), சிறுபாலம், தடுப்பணை என்று எதை வடிவமைக்கப் போனாலும் முதலில் வந்து நிற்கும் கேள்வி, 'அதிகபட்சம் எவ்வளவு தண்ணீர் வரும்?' என்பதுதான். ஏரிப் பாசனக் குழுக்களோடும் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பொறியாளர்களோடும் உட்காரும்போதெல்லாம் அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வந்தன. கேட்டவர்கள் வாயில் வந்தபடியே கேள்விகளை எழுதிவைத்திருக்கிறேன். கணக்கு போட்டுக் காட்டுவதற்காக ஒரு கற்பனை ஏரியை எல்லா பதிலிலும் பயன்படுத்துகிறேன்: நீர்ப்பிடிப்பு (மழைத் தண்ணீர் ஏரிக்கு வந்து சேரும் நிலப்பரப்பு) 6 சதுர கி.மீ., மிக நீளமான ஓடை 4 கி.மீ., அந்த நீளத்தில் தரை இறங்குவது 20 மீட்டர்.

1. ஓடையில அளவுகோலே கிடையாது சார். இல்லாத தண்ணிக்கு எப்படிக் கணக்கு போடுறது?

ஓடையில் ஓடிய தண்ணீரை யாரும் அளக்கவில்லை. ஆனால் மேலே பெய்த மழையை யாரோ ஒருவர் பக்கத்து ஊரில் அளந்திருப்பார். தாலுகா அலுவலகம், பொதுப்பணித்துறை பயணியர் மாளிகை, சர்க்கரை ஆலை என்று ஏதோ ஓர் இடத்தில் மழைமானி இருக்கும். அந்த மழையை எடுத்துக்கொண்டு, நிலம் எவ்வளவை உறிஞ்சும், மீதி எவ்வளவு வேகமாக ஓடிவரும் என்று கணிக்கிறோம். நம் நாட்டுச் சிற்றோடைகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் நிலைமை. இது நமக்கு மட்டும் உள்ள தலைவலியும் இல்லை. பன்னாட்டு நீரியல் சங்கம் 2003 முதல் 2012 வரை ஒரு பத்தாண்டு முழுவதையும் 'அளவீடு இல்லாத படுகைகளில் கணிப்பு' என்ற ஒரே பொருளுக்கு ஒதுக்கியது.

2. பெய்யுற மழையில பாதி ஓடி வரும்னு வெச்சுக்கலாமா?

வைத்துக்கொள்ளக் கூடாது. எவ்வளவு மழை என்பதைப் பொறுத்து அந்தப் பங்கு மாறும். ஓரளவு களி கலந்த ஒரு விவசாய நிலத்தில் 50 மி.மீ. பெய்தால் ஓடிவருவது சுமார் 14 மி.மீ.தான், கால் பங்கு சொச்சம். அதே நிலத்தில் 250 மி.மீ. பெய்தால் 187 மி.மீ. ஓடிவரும், அதாவது முக்கால் பங்கு. (இந்த எண்கள் எப்படி வந்தன என்பது 6ஆம் கேள்வியில்.) மண் முதலில் குடிக்கும். வயிறு நிறைந்த பிறகு வருவதெல்லாம் நேரே ஓடைக்குத்தான். போன வருடம் நல்ல மழை பெய்தும் ஏரிக்குத் தண்ணீர் வரவில்லையே என்று குறைப்படும் ஊரில், மறு வருடம் ஒரே ராத்திரியில் கரை உடைவது இதனால்தான்.

3. நீர்ப்பிடிப்புப் பரப்பை கூகுள் மேப்லயே வரைஞ்சுக்கலாம்ல?

தொடங்கலாம், முடிக்க முடியாது. செயற்கைக்கோள் படம் மேடு பள்ளத்தைக் காட்டாது. சமஉயரக் கோடுகள் உள்ள சர்வே ஆஃப் இந்தியா வரைபடம் வேண்டும். இல்லையென்றால் நாசாவின் 30 மீட்டர் உயரத் தரவோ, இஸ்ரோவின் புவன் தளத்தில் கிடைக்கும் கார்ட்டோசாட் உயரத் தரவோ வேண்டும். எல்லையை வரைந்த பிறகு நடந்தே ஆகவேண்டும்.

நான் நடக்காமல் ஏமாந்த கதை ஒன்று உண்டு. ஓர் ஏரிக்கு வரைபடத்தைப் பார்த்து எல்லை போட்டுக் கணக்கையும் முடித்துவிட்டேன். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், "அந்தப் பக்கத்துத் தண்ணி இங்க வர்றதில்லைங்க, ரோடு மேடாக்கினதுல இருந்து அது கீழூர் ஏரிக்குத்தான் போகுது" என்றார். போய்ப் பார்த்தால் அவர் சொன்னது சரி. கிட்டத்தட்ட கால் பங்கு பரப்பு கைமாறியிருந்தது. எங்கள் ஏரிக்கு அது நல்லதாகப் போயிற்று. கீழூர் ஏரியின் கலிங்கை யாரும் அகலப்படுத்தவில்லை என்பது வேறு கதை. ஒன்றரை மீட்டர் உயரச் சாலையையும் ஒரு ஜேசிபி ஒரே நாளில் வெட்டிய வாய்க்காலையும் 30 மீட்டர் உயரத் தரவு காட்டாது.

4. ரைவ்ஸ் ஃபார்முலாவுல மழைன்னு ஒரு எண்ணே இல்லையே? அதை எப்படி நம்புறது?

நல்ல சந்தேகம். ரைவ்ஸ் 1884இல் சென்னை மாகாணத்துக்கென்று தந்த சூத்திரம் அது. வட இந்தியாவுக்கென 1865இல் டிக்கன்ஸ் தந்ததை இங்குள்ள நிலைமைக்கு மாற்றியமைத்தது. நீர்ப்பிடிப்புப் பரப்பைச் சதுர கி.மீ.யில் எடுத்து, அதன் மூன்றில் இரண்டு அடுக்கைக் கண்டு, ஒரு கெழுவால் பெருக்கினால் வினாடிக்கு இத்தனை கன மீட்டர் என்று வரும். கிழக்குக் கடற்கரையிலிருந்து 80 கி.மீ.க்குள் என்றால் கெழு 6.8. 80 முதல் 160 கி.மீ. வரை 8.5. மலையை ஒட்டிய சில பகுதிகளுக்கு 10.2. மழை அந்தக் கெழுவுக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

நம் மாதிரி ஏரிக்கு 6இன் மூன்றில் இரண்டு அடுக்கு 3.3. கெழு 8.5 என்றால் வினாடிக்கு 28 கன மீட்டர், அதாவது சுமார் 990 கன அடி. ஒரு நிமிட வேலை. அதனால்தான் இன்றும் பல கோப்புகளில் இது உயிரோடு இருக்கிறது. ஆனால் இந்த வெள்ளம் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வருவது என்று சூத்திரம் சொல்லாது. செம்மண் காடும் கான்கிரீட் மனைப்பிரிவும் அதற்கு ஒன்றுதான். பிறந்த மண்ணுக்கு வெளியே அது செல்லாது. மகாராஷ்டிரத்தின் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இங்கிலிஸ் சூத்திரம் என்று தனியாக வைத்துக்கொண்டதும் அதனால்தான். முதல் மதிப்பீட்டுக்கும், வேறு முறையில் வந்த விடையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவும் ரைவ்ஸைப் பயன்படுத்துங்கள்.

5. ரேஷனல் முறையில மணிக்கு எத்தனை மி.மீ.ன்னு கேக்குது. எங்ககிட்ட தினசரி மழை மட்டும்தான் இருக்கு.

ரேஷனல் முறை என்பது 0.278 × ஓட்டக் கெழு × மழைச் செறிவு × பரப்பு. ஓட்டக் கெழு என்பது பெய்த மழையில் ஓடிவரும் பங்கு, செறிவு மணிக்கு மி.மீ., பரப்பு சதுர கி.மீ., விடை வினாடிக்குக் கன மீட்டர். 1851இல் அயர்லாந்தின் மல்வனி சொன்ன யோசனை. இதில் தந்திரம் எல்லாம் செறிவில்தான் இருக்கிறது. நீர்ப்பிடிப்பின் கடைசி மூலையில் விழுந்த துளி ஏரிக்கு வந்து சேர ஆகும் நேரத்தைக் 'குவிநேரம்' என்கிறோம். அவ்வளவு நேரம் நீடிக்கும் மழையின் செறிவுதான் இங்கே வேண்டும். 4 கி.மீ. ஓடை, 20 மீட்டர் இறக்கம் என்றால் கிர்பிச் சூத்திரப்படி குவிநேரம் சுமார் 89 நிமிடம், ஒன்றரை மணி என்று வைத்துக்கொள்ளலாம்.

தினசரி மழையை ஒன்றரை மணி மழையாக்க இந்திய வானிலைத் துறையின் மூன்றிலொரு அடுக்கு விதி இருக்கிறது: குறுகிய நேர மழை = 24 மணி மழை × (நேரம் ÷ 24)இன் கனமூலம். நம் ஏரிப் பகுதிக்கு 50 ஆண்டு மழை (எந்த ஒரு வருடத்திலும் வர 50இல் ஒரு வாய்ப்பு உள்ள மழை) 250 மி.மீ. என்று வைத்தால், ஒன்றரை மணியில் 99 மி.மீ., அதாவது மணிக்கு 66 மி.மீ. ஓட்டக் கெழு 0.4 என்றால் விடை வினாடிக்கு 44 கன மீட்டர்.

ஒரு சிறு எச்சரிக்கை. மழைமானியைக் காலை 8.30க்குப் படிக்கிறார்கள். இரவு தொடங்கி மறுநாள் முற்பகல் வரை கொட்டிய மழை இரண்டு நாள் கணக்கில் பிரிந்துவிடும். அதனால் ஒருநாள் பதிவுகளிலிருந்து எடுத்த உச்சத்தை 13 முதல் 15 சதவீதம் வரை கூட்டிக்கொள்வது வழக்கம். மேலே சொன்ன 250 அப்படிக் கூட்டிய பிறகு வந்தது என்று கொள்ளுங்கள்.

6. கர்வ் நம்பர்னா என்ன? அந்த அட்டவணை அமெரிக்காவோடது ஆச்சே?

1950களில் அமெரிக்க மண்வளப் பாதுகாப்புத் துறை உருவாக்கிய முறை. நிலத்துக்கு 100க்குள் ஒரு மதிப்பெண். 100 என்றால் விழுந்ததெல்லாம் ஓடிவரும். மண்ணை ஏ முதல் டி வரை நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். ஏ மணல், டி களி. அதோடு நிலப் பயன்பாட்டைச் சேர்த்து அட்டவணையில் எண்ணைப் பார்க்க வேண்டும். எண் கிடைத்ததும், 25400ஐ அதால் வகுத்து 254ஐக் கழித்தால் மண்ணின் கொள்ளளவு மி.மீ.யில் வரும். எண் 80 என்றால் கொள்ளளவு 63.5 மி.மீ. மழையிலிருந்து கொள்ளளவின் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்து, வருவதை வர்க்கமாக்கி, அதை மழையும் கொள்ளளவில் ஐந்தில் நான்கு பங்கும் சேர்ந்த தொகையால் வகுத்தால் ஓடிவரும் நீர் கிடைக்கும். 2ஆம் பதிலில் உள்ள 14உம் 187உம் இப்படி வந்தவைதான்.

அமெரிக்க அட்டவணையை அப்படியே எடுக்க வேண்டியதில்லை. இந்திய நிலங்களுக்குத் திருத்திய அட்டவணை உண்டு. அதில் நெல் வயலுக்கு மண் எதுவானாலும் 95. தண்ணீர் கட்டி நிற்கிற வயல் இனி எங்கே குடிக்கும்? தொடக்க இழப்பையும் ஐந்தில் ஒரு பங்குக்குப் பதில் பொதுவாக 0.3 பங்கு என்றும், ஈரமான கரிசலுக்கு 0.1 பங்கு என்றும் எடுக்கச் சொல்கிறார்கள். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று இங்கே மூல விதியையே வைத்துக்கொண்டேன்.

பலரும் தவறவிடுவது முந்தைய ஈரத்தை. வெள்ளத்துக்கு முந்தைய ஐந்து நாளில் பெய்த மழையைப் பார்க்க வேண்டும். பயிர் நிற்கும் பருவத்தில் அது 36 மி.மீ.க்குக் கீழ் என்றால் வறண்ட நிலை, 53க்கு மேல் என்றால் ஈர நிலை. சாதாரணமாக 80 என்று இருக்கும் நிலம் வறண்டால் 63, ஈரமானால் 91. வடகிழக்குப் பருவமழையில் கார்த்திகை மாதத்து ஏரிக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு ஈர நிலையைத்தான் எடுப்பேன். நடுத்தர நிலையை எடுத்துப் போட்ட கணக்கைப் பார்த்தால், 'இவர் நவம்பரில் இந்தப் பக்கம் வந்ததே இல்லை போல' என்று தோன்றும்.

7. ஒரே ஏரிக்கு மூணு முறையில மூணு விடை வருதே. எதை எழுதறது?

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். வினாடிக்குக் கன மீட்டரில் ரைவ்ஸ் 28. ரேஷனல் 44. கர்வ் நம்பரில் அதே ஒன்றரை மணி, 99 மி.மீ. மழையை எடுத்து, முக்கோண வடிவ வெள்ள வரைபடத்தில் (வெள்ளம் நேரத்தோடு ஏறி இறங்குவதை முக்கோணமாக வரைவது) போட்டால் நடுத்தர ஈரத்துக்கு (எண் 80) 38, ஈர நிலைக்கு (எண் 91) 56. ஆக 28இலிருந்து 56 வரை, சரியாக இரண்டு மடங்கு வித்தியாசம். புதிதாக வந்தவர்கள் இங்கேதான் மனம் தளர்ந்து, சராசரி போட்டு 42 என்று எழுதிவிடுகிறார்கள். சராசரி போடாதீர்கள். மூன்றும் ஒரே கேள்விக்கு வந்த விடைகள் அல்ல. ரைவ்ஸின் 28 எத்தனை ஆண்டு வெள்ளம் என்றே தெரியாது. மற்றவை 50 ஆண்டு மழையிலிருந்து வந்தவை. ஈர நிலை 56 என்பது அந்த மழை ஏற்கெனவே நனைந்த நிலத்தில் விழுந்தால் வருவது.

இது வெறும் காகித வித்தியாசமும் இல்லை. கலிங்கின் மேல் 60 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் போகலாம் என்றால், ஒரு மீட்டர் நீளக் கலிங்கு வினாடிக்குச் சுமார் 0.8 கன மீட்டரைக் கடத்தும். 28க்கு 36 மீட்டர் கலிங்கு போதும். 44க்கு 56 மீட்டர் வேண்டும். 56க்கு 71 மீட்டர். கரைக்குக் கீழே ஊர் இருந்தால் நான் மேல் எண்ணின் பக்கம் போவேன். கீழே தரிசும் அடுத்த ஓடையும் மட்டும்தான் என்றால் 44ஓடு நிற்பேன். எதை எடுத்தாலும் 13ஆம் பதிலில் சொல்லும் சோதனையைச் செய்த பிறகுதான்.

எண்களில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. கர்வ் நம்பர் 70ஆ 90ஆ என்று ஒரு மணி நேரம் சண்டை போடுவார்கள். 50 மி.மீ. மழைக்கு அந்தச் சண்டை நியாயம்தான்: 70க்கு 6 மி.மீ., 90க்கு 27 மி.மீ. ஓடிவரும். 250 மி.மீ. மழைக்கு அவையே 155, 219. பெருமழையில் மண்ணைப் பற்றிய சந்தேகம் சுருங்கிவிடுகிறது. குவிநேரத்தைப் பற்றிய சந்தேகம் அப்படிச் சுருங்காது. ஓடையை நேராக்கி, சீமைக்கருவேலத்தை எடுத்துவிட்டால் தண்ணீர் முன்னதாக வந்து உச்சம் ஏறும். கவனத்தை அங்கே செலவிடுங்கள்.

8. ஸ்ட்ரேஞ்ச் அட்டவணையை வெச்சே கலிங்குக்கும் கணக்கு போட்டுடலாமா?

கூடாது. அது ஏரிக்கு வருடத்தில் மொத்தம் எவ்வளவு தண்ணீர் வரும், எத்தனை ஏக்கர் பாயும் என்பதற்கானது. கலிங்குக்கு வேண்டியது ஒரு வினாடியில் வரும் உச்சம்.

9. எங்க ஏரிக்கு மேல மூணு ஏரி இருக்கு. அதுங்களோட பரப்பைக் கழிச்சிடலாம்தானே?

முழுதாகக் கழிக்க முடியாது. சென்னை மாகாண வழக்கப்படி மொத்த நீர்ப்பிடிப்புக்கும் ரைவ்ஸ் போட்டு, அதிலிருந்து மேல் ஏரிகள் பிடித்துவைக்கும் பரப்புக்கு வேறொரு சிறிய கெழுவில் வரும் எண்ணைக் கழிப்பார்கள். பாடப்புத்தகக் கணக்குகளில் முதல் கெழு 9, இரண்டாவது 1.5, ஆறில் ஒரு பங்கு. மேல் ஏரிகள் வெள்ளத்தை ஓரளவுக்குத்தான் தாமதப்படுத்தும் என்ற அனுபவம் அந்த ஆறில் ஒரு பங்கில் இருக்கிறது. ஏரி ஏற்கெனவே நிரம்பியிருந்தால் முழு நீர் மட்டத்துக்கு மேல் உயரும் அந்த இரண்டு அடிதான் அதன் தாங்கும் திறன். 40 ஹெக்டேர் நீர்ப்பரப்பில் 60 செ.மீ. என்றால் 2,40,000 கன மீட்டர். நம் மாதிரி நீர்ப்பிடிப்பில் ஈர நிலையில் வரும் ஒன்றரை மணி வெள்ளம் 4,45,000.

2015 டிசம்பர் வெள்ளத்தில் செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு சுமார் 29,000 கன அடி திறந்ததைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். ஆனால் முடிச்சூரும் வரதராஜபுரமும் அந்த உபரிநீர் அடையாற்றில் சேரும் இடத்துக்கு மேலே இருக்கின்றன. அங்கே புகுந்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளும் ஓடைகளும் கொண்டுவந்த தண்ணீர். சங்கிலி ஏரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நிரம்பி வழிந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

இன்னொன்று, மேல் ஏரி உடைந்தால் என்ன ஆகும் என்று எந்தச் சூத்திரமும் சொல்லாது. மேலே உள்ள கரைகளை ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். கலிங்குக் கற்களுக்கு இடையே மண்ணும் பலகையும் வைத்து அடைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஒரு அடி தண்ணீர் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று செய்கிற வேலை அது. கலிங்கின் திறன் அதில் காணாமல் போய்விடும்.

10. அம்பது வருஷ வெள்ளம்னா அம்பது வருஷத்துக்கு ஒரு தடவைதானே? இப்பதான் வந்துட்டுப் போச்சே.

ஒவ்வொரு வருடமும் வருவதற்கு 50இல் ஒரு வாய்ப்பு என்பதுதான் அதற்குப் பொருள். போன வருடம் வந்தது இந்த வருடத்துக்குத் தெரியாது. 50 ஆண்டு வெள்ளத்துக்குக் கட்டிய பாலம் 50 ஆண்டு நின்றால், அதற்குள் ஒருமுறையாவது அந்த அளவு வெள்ளத்தைப் பார்க்க வாய்ப்பு 64 சதவீதம். 100 ஆண்டு வெள்ளத்துக்குக் கட்டியிருந்தால் அதே 50 ஆண்டில் 39 சதவீதம்.

11. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பெஞ்சுதே. அதுக்குக் கட்ட வேணாமா?

2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் 946 மி.மீ. நம் மாதிரி ஏரிக்கு எடுத்த 250ஐப் போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. ஒவ்வொரு சிற்றேரிக்கும் அதற்கேற்பக் கலிங்கு கட்டப் பணமும் இல்லை, இடமும் இல்லை. பெரிய அணைக்கு, உடைந்தால் நகரமே போகும் என்ற நிலையில், 'நிகழக்கூடிய உச்ச மழை' என்று தனிக் கணக்கே போடுவார்கள். சிற்றேரிக்கு நான் செய்வது வேறு: தண்ணீர் கரையை மீறினால் எங்கே மீறட்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்து, வீடு இல்லாத பக்கத்தில் கரையின் ஒரு பகுதியைச் சற்றே தாழ்த்திக் கல் பாவச் சொல்வது.

அந்த எண்ணை மழைப் பதிவிலிருந்து ஒதுக்கிவிடவும் கூடாது. 'இது விதிவிலக்கு' என்று அதை நீக்கிவிட்டு 50 ஆண்டு மழை கணக்கிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பதிவேட்டிலேயே மிக முக்கியமான வரி அதுதான்.

12. சேட்டிலைட் மழை, சாஃப்ட்வேர் எல்லாம் வந்துடுச்சே. இன்னும் எதுக்கு இந்தப் பழைய சூத்திரம்?

மழைமானி வெகு தூரத்தில் இருந்தால் செயற்கைக்கோள் மழை உதவும். நாசாவின் ஐமெர்க் அரை மணிக்கு ஒருமுறை, சுமார் 11 கி.மீ. கட்டங்களில் கிடைக்கிறது. மழை எந்த நேரத்தில் குவிந்தது என்று பார்க்க நான் அதை எடுப்பதுண்டு. ஆனால் ஒரு கட்டம் 100 சதுர கி.மீ.க்கு மேல், நம் நீர்ப்பிடிப்பு 6. குறுகிய இடத்தில் கொட்டும் மழையை அது சராசரியாக்கி மழுப்பிவிடும். மென்பொருளைப் பொறுத்தவரை, ஹெக்-எச்எம்எஸ் இலவசம், நல்ல கருவி. அதில் உள்ள பல முறைகளில் ஒன்று அதே கர்வ் நம்பர்தான். 6ஆம் பதிலில் சொன்ன ஈர நிலையைத் தப்பாகக் கொடுத்தால், தப்பான விடையை அழகான வண்ணத்தில் தரும்.

13. ஓடையை அளக்கவே இல்லைன்னா, போட்ட கணக்கு சரியா தப்பான்னு எப்படித் தெரியும்?

யாரும் அளக்காவிட்டாலும் ஓடை தன் அளவை எங்காவது விட்டுச் சென்றிருக்கும். பாலத் தூணில் சேற்றுக் கோடு, முள்மரக் கிளையில் சிக்கிய வைக்கோல், கோயில் சுவரில் உப்புப் பூத்த வரி. ஊரில் பெரியவர்களிடம் கேளுங்கள். 'நிறைய வந்துச்சு' என்ற பதிலில் பயனில்லை. 'எந்தப் படி வரைக்கும் வந்துச்சு?' என்று கேளுங்கள். தனித்தனியாக மூன்று பேரைக் கேட்டு, ஒரே படியைக் காட்டினால் நம்பலாம். அந்த மட்டத்தில் ஓடையின் குறுக்குவெட்டை அளந்து மேனிங் சூத்திரத்தில் போடுங்கள். 15 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் ஆழம், 500க்கு 1 சரிவு, சொரசொரப்புக் கெழு 0.04 என்றால் வினாடிக்கு 39 கன மீட்டர் வரும். புதர் அடர்ந்து கெழு 0.05 ஆனால் 31.

ஒரு தடயம் 39 என்று சொன்னால், ஊர் நினைவுக்கு எட்டிய காலத்தில் அவ்வளவு ஒருமுறை வந்திருக்கிறது என்று பொருள். அதற்கு மேல் வராது என்று பொருள் அல்ல. ரைவ்ஸின் 28 மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் இப்போது அதைக் கைவிட வேண்டும்.

14. எங்களது 120 சதுர கிலோமீட்டர். இதே முறை ஒத்துவருமா?

ரேஷனல் வேண்டாம். முழுப் பரப்பிலும் ஒரே சீராக மழை பெய்யும் என்ற அனுமானம் அங்கே பொய்யாகிவிடும். மத்திய நீர் ஆணையம் நாட்டை 26 துணை மண்டலங்களாகப் பிரித்து, வெள்ள மதிப்பீட்டு அறிக்கைகள் வெளியிட்டிருக்கிறது. காவிரிப் படுகைக்கு ஒன்று, கிழக்குக் கடற்கரைக்கு ஒன்று என்று நமக்கு வேண்டியவை அதில் இருக்கின்றன. ரயில் பாலங்களில் உண்மையாக அளந்த வெள்ளங்களை வைத்து, பரப்பு, ஓடை நீளம், சரிவு ஆகியவற்றிலிருந்து செயற்கை அலகு வெள்ள வரைபடம் (ஓர் அலகு நீர் ஓடிவந்தால் ஓடை எப்படி ஏறி இறங்கும் என்பதன் படம்) வரையச் சொல்லித் தருகிறது. 25 சதுர கி.மீ.க்கு மேல் என்றால் நான் முதலில் திறப்பது அதைத்தான்.

15. நாங்க தஞ்சாவூர்ப் பக்கம். சரிவே இல்லை. இங்க எப்படி?

மேலே சொன்ன எதுவும் சரியாக வராது. அங்கே நீர்ப்பிடிப்பு எல்லையே மதகு திறப்பதையும் வாய்க்கால் உடைப்பதையும் பொறுத்து மாறும். உயரத் தரவின் பிழையே நிலத்தின் சரிவைவிடப் பெரிது. டெல்டாவில் கேட்க வேண்டியது உச்ச வெள்ளத்தை அல்ல. மூன்று நாள் மழையை எத்தனை நாளில் வடிக்க முடியும், அதுவரை நெல் தாங்குமா என்பதைத்தான். அது வடிகால் கணக்கு, தனிப் பாடம்.

16. ரிப்போர்ட்ல ஒரே ஒரு எண்தான் கேக்குறாங்க. வீச்சைக் குடுத்தா திருப்பி அனுப்புறாங்க சார்.

ஒரு எண்ணையே எழுதுங்கள். கீழே நான்கு வரி சேருங்கள்: எந்த ஆண்டு வரையிலான மழைப் பதிவு, எந்த ஈர நிலை, எந்தத் தேதியில் நீர்ப்பிடிப்பை நடந்து பார்த்தது, மேல் ஏரிகளின் கலிங்குகள் அன்று எப்படி இருந்தன. பத்து வருடம் கழித்து மேலே ஒரு மனைப்பிரிவோ புறவழிச் சாலையோ வந்த பிறகு அந்தக் கோப்பைத் திறப்பவர், உங்கள் எண்ணில் எது இன்னும் செல்லும், எது செல்லாது என்று அந்த நான்கு வரியை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்.